சேலைக்கு அடியில் காயாதது

பிள்ளைகளே, துணிக்குக் கூப்பன் கேட்ட இரண்டாம் உலக யுத்தகாலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருந்த எங்கள் வளவில் ஒரு ஆப்பக்காரி தனியாகக் குடியிருந்தார். மெலிந்த மனுசி, ஓயாத இருமல். மாற்றி உடுக்க இரண்டே உள்பாவாடைகள். தோய்த்ததை ஆண்கள் காணக்கூடாதென்று கொடியில் சேலைக்கு அடியில்தான் போடுவார். அது காயாது. ஈரத்தோடேயே உடுத்துவார்.

உங்கள் அம்மா ஒருநாள், "வெயிலில போடுங்கோ அக்கா. ஆம்பிளையள் பின்பக்கத்தால போவினம்," என்றார்.

"நல்ல கதை தங்கச்சி. ஏன் சுத்திப் போகினம் எண்டு ரோட்டே கேக்குமே," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே முடிந்துபோனார். செய்தி வந்த அன்று வெயில். உங்கள் அம்மா கொடியிலிருந்து அவருடைய சேலையை எடுத்தார். அடியில் உள்பாவாடை அப்போதும் ஈரம். அதை வெயிலில் விரித்தார். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. மடித்து யாரிடம் கொடுப்பதென்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.