எதிர்த்திசையில் வந்த சைக்கிள்: ஓசூரிலிருந்து பிரேசர் டவுன் வரை

2007 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஓசூரிலிருந்து பெங்களூரு சென்று வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி முருகேசன் பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை அவனுடைய சைக்கிள், சாலையைக் கடந்த ஒருவர் மீது மோதி, அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. துபாய் வேலைக்காக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தவன் அவன். வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட் நின்றுபோகும். புகார் வருமா என்பதை நேரில் அறியவே கிளம்பினேன். நான் ஓசூரில் வழக்கறிஞர்.

காலை 7.10க்குப் பேருந்து. அத்திபெலே சோதனைச் சாவடியில் லாரி வரிசைக்குப் பின்னால் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. 29 கிலோமீட்டர், பதினான்கு ரூபாய், 8.35க்குப் பொம்மனஹள்ளி. (வேலை நாளென்றால் அரை மணி கூட்டிக்கொள்ளவும்.)

முருகேசன் இடத்தைக் காட்டினான். மேம்பால வேலைக்காக நடைபாதையை எடுத்துவிட்டுத் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். இரண்டு தகரங்களுக்கு இடையிலுள்ள சந்துதான் மக்கள் கடக்கும் வழி. சாலை ஒருவழி. முறையாகத் திரும்பி வர ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதால், தொழிற்சாலை சைக்கிள்கள் யாவும் இருநூறு மீட்டர் எதிர்த்திசையில் வருகின்றன.

"எல்லாரும் இப்படித்தான் மாமா வருவோம். எங்க செக்யூரிட்டிகூட இப்படித்தான் வருவாரு."

"எல்லாரும் வந்தா அது சட்டமாயிடுமா?"

"அவரு வலது பக்கம் மட்டும்தான் பார்த்தாரு. நான் இந்தப் பக்கமா வந்தேன். பெல் அடிச்சேன் மாமா."

"பெல் சத்தம் கேட்டதுக்கு யாரு சாட்சி?"

"ஆட்டோ ஹாரன்ல எனக்கே கேக்கல."

வியாழனன்றே தொலைபேசியில் நான் அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: அவரைப் பார்க்கப் போகாதே, போனால் தவற்றை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

சட்டம் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது, அந்தத் தகரச் சந்தில் போய் நிற்கும்வரை. தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு பொதுவழியில் எந்த வாகனத்தையும் அஜாக்கிரதையாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மோட்டார் வேண்டும் என்று அது கேட்கவில்லை. எலும்பு முறிவு கொடுங்காயம். ஆனால் சைக்கிளுக்குக் காப்பீடு கிடையாது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. காயம்பட்டவர் இழப்பீடு கேட்டால் சிவில் வழக்குதான். அதில் நடந்தவரின் கவனக்குறைவும் எடைபோடப்படும். ஒருவழிச் சாலையில் வலப்பக்கம் மட்டும் பார்த்துக் கடந்தது கவனக்குறைவா? நானும் அதே சந்தில் அப்படித்தான் பார்த்துக் கால் வைத்தேன். முருகேசன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் என்னை உரசிக்கொண்டு போயிற்று.

அங்கிருந்து சிவாஜிநகருக்கு நகரப் பேருந்து: ஒன்பது ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். பிறகு ஆட்டோ, மீட்டரில் பதினெட்டு ரூபாய். காயம்பட்டவரை ஆட்டோவில் ஏற்றும்போது முருகேசன் கேட்டுக் குறித்துவைத்த முகவரி பிரேசர் டவுனில் ஒரு சந்து. அவர் பெயர் லூர்துசாமி, குழாய் வேலை செய்பவர். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். சைக்கிள்காரரின் உறவினன், தொழிலால் வக்கீல் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"சார், பார்க்காம குறுக்க வந்தது நான்தான். என்மேல கேஸ் பேடா சார், வேண்டாம். சைக்கிள் வீல் கோணலாச்சு, பார்த்தேன். நானே சரிபண்ணிக் குடுத்துடறேன்."

அவர் மனைவி ஸ்டெல்லா குறுக்கிட்டார். "இதுக்குப் பயந்துதான் ஆஸ்பத்திரியில மாடிப்படியில வழுக்கிட்டேன்னு எழுதிக் குடுத்தாரு. எங்க வீட்டுல மாடி எங்க இருக்கு, நீங்களே பாருங்க!"

ஓட்டு வீடு. மாடி இல்லை.

பேசாமல் எழுந்து வந்திருந்தால் முருகேசன் தப்பித்தான். அதுதான் நான் வந்த காரியமும். ஆயினும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்த்திசையில் வந்தது எங்கள் ஆள். புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்குத்தான். ஆனால் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லும் ஆஸ்பத்திரிச் சீட்டு புகாருக்கு இடைஞ்சலாகும், ஆகவே என்னைவிட்டு வேறொரு வக்கீலைக் கேளுங்கள் என்றேன்.

லூர்துசாமி மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தப்பு என்மேல இல்லையா?"

"முழுக்க இல்லை."

"அப்ப ஏன் சார் அவரு வரல? ஆட்டோல தூக்கி ஏத்திவிட்டவரு. மூணு நாளாச்சு. வக்கீல் வர்றீங்க, அவரு வரல."

வராதே என்றவன் நான்தான் என்பதையும் சொன்னேன். ஸ்டெல்லா, "நல்லாச் சொன்னீங்க போங்க," என்றபடி உள்ளே போய்விட்டார்.

மதியம் 2.20க்குப் பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் முருகேசன் காத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப போகலாமா, கூடாதா மாமா? அன்னிக்குக் கூடாதுன்னீங்க."

"வக்கீலாக் கேட்டா இன்னிக்கும் கூடாது. நீ கெளம்பு."

இவ்வழியே செல்பவர்களுக்கு: மேம்பால வேலை முடியும்வரை ஒருவழிச் சாலையிலும் இருபுறம் பார்த்துக் கடக்கவும். சைக்கிளில் செல்வோர் அந்த இருநூறு மீட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மூன்று நிமிடம்தான் ஆகும். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இம்மூன்றிலும் எனக்குச் சந்தேகமில்லை.

மற்றதில் இருக்கிறது. அன்று இரவு எட்டு மணிக்கு முருகேசன் தொலைபேசியில் அழைத்தான். புகாரைப் பற்றி லூர்துசாமி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அதை அவரும் பேசல, நானும் கேக்கல மாமா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னாங்க. சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு கட்டு மாத்தணுமாம், வர்றேன்னு சொல்லிட்டேன்."

இது ஒப்புதல் வாக்குமூலமா, சமரசமா, இரண்டுமில்லையா? எந்தப் பிரிவில் வைப்பது என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை. புகார் இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட்டும்தான்.