ஜமீலாக்காவின் மேசையில் பேசாத பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை தாராபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய கையோடு ஜமீலாக்காவின் மகள் பர்வீனின் போன் வந்தது. "மாமா, அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டுச் சற்றுச் சாய்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அதற்கு நான் கேட்டதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "நல்லாப் பாத்தீங்களா, கண்ணு?" என்றேன். முப்பது வருடம் பொருள்களைச் சோதித்தே பிழைத்தவனுக்கு அந்த நேரத்தில் வேறு பேச்சு வரவில்லை. பர்வீன் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்தாச்சுங்க மாமா, வாங்க" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோட்டைமேட்டு வீட்டுக்குப் போனேன்.

பழைய கருவிகளோடு மல்லாடும் உங்களில் பலருக்கு ஜமீலாக்கா என்றால் அந்த வீட்டு முன்னறை மேசைதான் நினைவுக்கு வரும். பழைய கையடக்க வீடியோ கேம், டிஜிட்டல் டைரி, குச்சியால் தொட்டு எழுதும் குட்டிக் கம்ப்யூட்டர், எந்தக் காலத்திலோ தயாரிப்பு நின்றுபோன இன்னும் என்னென்னவோ, ஆன் ஆகாமல் அந்த மேசைக்கு வரும். பெரும்பாலானவை ஆன் ஆகித்தான் திரும்பும். நீங்கள் அறிந்தது அந்த ஜமீலாக்காவை. எனக்கு அவரை அதற்கும் முன்பிருந்தே தெரியும். அதனால்தான் இதை எழுதும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன். கேட்டால் யாரும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை. மோட்டார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டுகள் செய்தோம். ஜமீலாக்கா ஈயம் வைத்து ஒட்டும் சால்டரிங் வரிசையில் இருந்தார், நான் சோதனை மேசையில். தேறாத போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. சேர்ந்த புதிதில் அந்த ஸ்டிக்கரை நான் ஒரு நீதிபதியின் முத்திரையைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜமீலாக்கா செய்த போர்டுகள் வரிசையாகத் தேறவில்லை. ஒரு தட்டு முழுக்கச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினேன். லென்சைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டெஸ்டரு, போர்டு நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க ஒயரைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். என் மீட்டர் ஒயர்தான் உள்ளே அறுந்து கிடந்தது. அவர் என் ஸ்டிக்கர் சுருளிலிருந்தே ஒன்றைப் பிய்த்து, அந்த ஒயரின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் டெஸ்டருதான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

சால்டரிங் வரிசைக்கு இயந்திரம் வந்ததும் அவர் வீட்டிலேயே மேசை போட்டார். சில வருடம் கழித்து நான் ஓய்வு பெற்று, அதே மேசையின் மறுமுனையில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் தங்கமான குணம் இல்லை. மேசைப் பக்கம் டீ டம்ளர் வந்தால் சண்டைதான். வீடியோ பார்த்துவிட்டு வந்து யோசனை சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். தோற்றதும் உண்டு. சூலூர்க்காரர் ஒருவரின் டிஜிட்டல் டைரியோடு நாலு மாதம் மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு வரலீங்க" என்று கையில் கொடுத்தார். அன்று முழுக்க அந்த அறையில் யாரும் வாய் திறக்க முடியவில்லை.

ஆனால் அவருடைய வேலை முறை ஒன்று இருந்தது. வந்த பொருளை உடனே கழற்ற மாட்டார். கொண்டு வந்தவர் கையிலேயே கொடுத்து, எப்படிப் பிடிப்பீர்கள், எங்கே வைப்பீர்கள், கடைசியாக நன்றாக இருந்த அன்று என்ன நடந்தது என்று கேட்பார். "உள்ள பாக்கறதுக்கு முன்னாடி வெளிய கேளுங்க" என்பார். மூன்று கடைகள் கைவிட்ட வீடியோ கேமோடு ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். படுத்துக்கொண்டு விளையாடினால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது என்றார். பேட்டரி முனையில் மயிரிழை விரிசல் என்பது அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு சொட்டு ஈயம்தான் வைத்தார். மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டரோடு காத்திருந்த மனைவி வந்து தோளைத் தட்டித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது சுகன்யாவின் பெட்டியைப் பற்றி. அதில் என் தப்பும் இருப்பதால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சின்னசாமி, ஆயுதபூஜை முடிந்த நாலாம் நாள் மகள் சுகன்யாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார். பிறந்ததிலிருந்தே சுகன்யாவின் தசைகள் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. தொண்டையில் ஓசை வரும், அது வார்த்தையாகாது. தபால் வழியில் பட்டம் வாங்கிய பெண். அவள் பேசுவது ஒரு பெட்டியின் மூலம். அரை நோட்டுப் புத்தக அளவு, மேடான பொத்தான்கள், விரல் வழுக்காமலிருக்க மேலே துளையிட்ட தகடு. ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு வெளிநாட்டு ஆணின் இரும்புக் குரலில் அது படிக்கும். தொடுதிரை போன் அவளுக்கு ஆகாது, விரல் இழுத்துக்கொண்டு போய்விடும். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்த அந்தப் பெட்டிக்கு அவள் பதினோரு வருடம் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தாள். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, அந்த வெள்ளைக்காரக் குரல் 'ஏனுங்க' என்று சரியாகச் சொல்லும்வரை விட்டதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்களை அதில் சேமித்து வைத்திருந்தாள். கதைகள், கேலிகள், சொந்தக்காரர்களுக்கான சுடச்சுடப் பதில்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

வியாழக்கிழமை அவள் ஒரு சிறப்புப் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தால் வேலை. அதற்கான கதைகளும் பெட்டிக்குள்தான். பெட்டியோ பூஜையன்று சாயங்காலத்திலிருந்து ஆன் ஆகவில்லை.

அப்போது ஜமீலாக்கா உள்ளே தொழுகையில் இருந்தார். நான் சின்னசாமியைக் கேட்டேன், "கீழ போட்டீங்களா? தண்ணி பட்டுச்சுங்களா?"

"ஒண்ணுமே பண்ணலீங்க. எல்லாச் சாமானத்தோடயும் வெச்சுச் சாமி கும்பிட்டமுங்க. அவ்வளவுதானுங்க."

எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. என் மீட்டருக்கும் நான் வருடா வருடம் சந்தனம் குங்குமம் வைப்பவன். கோயமுத்தூரில் அதைச் செய்யாத மெஷின் எது?

சுகன்யா தொண்டையிலிருந்து பெரிதாக ஓசை எழுப்பி, மேசையைத் தட்டத் தொடங்கினாள். "அழுவாத அம்மணி" என்றார் அப்பா. "சரி பண்ணிரலாம் கண்ணு" என்றேன் நானும். இன்னும் மூன்றே நாள் என்ற பதற்றத்தில் திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே காசு அளவில் ஒரு சின்னப் பேட்டரி தெரிந்தது. சிக்கிக்கொண்ட கருவிகளுக்கு நாமெல்லாம் செய்யும் முதல் வைத்தியம், இருக்கிற பேட்டரிகளையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவது. என் விரல் அந்தப் பேட்டரிக்கு அடியில் போய்விட்டது.

பளார் என்று என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. ஜமீலாக்கா.

"கையை எடுங்க. இந்தப் பொட்டிக்கு அந்தப் பேட்டரிதான் ஞாபகம். அதை எடுத்துப்போட்டா இந்தப் புள்ள சேத்து வெச்ச பேச்சு அத்தனையும் போயிருமுங்க."

எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவசரத்தில் மறந்தேன். பதினோரு வருடத்தை அரை நொடியில் துடைத்திருப்பேன். அந்த வெட்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஜமீலாக்கா மூடியைப் போட்டு, தன் நாற்காலியை இழுத்துச் சுகன்யாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "டெஸ்டரு, அம்மணி அழுவல. எதையோ சொல்லுது" என்றார். பிறகு அந்த உயிரில்லாத பெட்டியை அவள் மடியில் வைத்தார்.

"உனக்குத் தெரியும்ல கண்ணு? எப்பவும் அடிக்கிற மாதிரியே அடி. பொட்டி படிக்காட்டிப் போகுது, நான் படிக்கிறேன்."

சுகன்யாவின் ஓசை நின்றது. விரல் துளைகளைத் தேடிப் போனது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பொத்தானாக விரல் இறங்குவதைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஜமீலாக்கா எழுதிக்கொண்டே வந்தார். ஓர் எழுத்துக்குப் பத்து நொடி ஆனது. "பசிக்குதுன்னு சொல்றாளுங்க" என்று இடையில் புகுந்தார் சின்னசாமி. "அண்ணா, நீங்க சித்த இருங்க" என்றார் ஜமீலாக்கா, தலையை நிமிர்த்தாமலே. நானும் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தாளைத் தூக்கிப் படித்தார்.

"அப்பா. ஈர்க்கு. ஓட்டை. ஒடஞ்சுபோச்சு."

சின்னசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "பூஜைக்குத் தொடைக்கையில பின்னாடி சின்ன ஓட்டையில போன வருசத்துச் சந்தனம் அடைச்சிருந்துச்சுங்க. தென்னை ஈர்க்குல நோண்டுனேன். சுத்தம் பண்ணுனது ஒரு தப்பாங்க?"

நுனி உள்ளே முறிந்ததையே அவர் கவனிக்கவில்லை. அதன் மேலேயே இந்த வருடத்துச் சந்தனத்தை வைத்து, பொட்டும் இட்டுவிட்டார். அந்த ஊசித் துளைக்குள்தான் ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கருவி உயிர் பெறாது, விட்டால்தான் எழும். முறிந்த ஈர்க்கு நாலு நாளாக அதை அழுத்திக்கொண்டு நின்றிருந்தது, மேலே சந்தனம் காய்ந்து பூச்சுப் போட்டிருந்தது. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தவள் சுகன்யா ஒருத்திதான். நாலு நாளாக வீட்டாரும் அன்று நானும் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

ஜமீலாக்கா ஊசியால் சந்தனத்தைக் கிளறி, மெல்லிய இடுக்கியால் பிடித்து இழுத்தார். அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு வந்தது. உள்ளே 'டிக்' என்று பொத்தான் மேலெழுந்த சத்தம் எனக்கே கேட்டது. திரை பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு வாக்கியம்கூடத் தொலையவில்லை. சுகன்யாவின் விரல் ஓடியது. இரும்புக் குரல் சுத்தமான கொங்குத் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னது:

"ஏனுங்க, நாலு நாளா இதைத்தானுங்க சொல்லீட்டு இருக்கறேன்."

பிறகு சேமித்து வைத்த பதில்களில் ஒன்றை அப்பாவுக்காகத் தட்டினாள். "அப்பா, நீங்க சும்மா இருந்தாலே போதுமுங்க." சின்னசாமி அழுதுகொண்டே சிரித்தார். ஜமீலாக்கா என் பக்கம் திரும்பி, "அந்தச் செவப்பு ஸ்டிக்கர் மிச்சம் இருக்குதுங்களா டெஸ்டரு?" என்றார்.

வியாழக்கிழமை மேசையை மூடிவிட்டு இருவரும் அந்தப் பள்ளிக்குப் போனோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகவே போய் வகுப்பின் ஜன்னலோரம் நின்றோம். தேங்காய் திருடப் போய் மரத்தில் மாட்டிக்கொண்ட ஓர் எருமையின் கதை. எருமை எப்படி மரமேறும் என்று ஒரு பிள்ளை சைகையில் கேட்டது. "ஏறத் தெரியும், எறங்கத்தான் தெரியாதுங்க" என்றது பெட்டி. எருமைக்கு அந்தக் குரல் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஆசிரியைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கே வேலை உறுதியானது. திரும்பும் பேருந்தில் ஜமீலாக்காவின் கண்ணில் நீர் நின்றது. துடைத்துக்கொள்ளவே இல்லை. "ஜெயிச்சுப்போட்டமுங்க டெஸ்டரு" என்று உக்கடம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல்தான் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் சுகன்யா டீச்சர் கோட்டைமேட்டுக்கு வந்தாள். பர்வீனுக்கு எதிரே இருந்து, பெட்டியை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். இது சேமித்து வைத்த வாக்கியம் இல்லை, புதிது. அதனால் நேரமானது. உறவுக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல், "மனசு தாங்கலைன்னு சொல்லுது பாவம்" என்று ஆரம்பித்தார். "நீங்க இருங்க, அவங்களே சொல்லட்டும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. அறை அமைதியாகக் காத்திருந்தது. கடைசியில் அந்த இரும்புக் குரல் வந்தது.

"அக்கா என்னைக் கேட்டாங்க."

அவ்வளவுதான் வாக்கியம். பர்வீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் லென்ஸ், இடுக்கி, சால்டரிங் இரும்பு, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று பர்வீன் சொன்னாள். எதுவும் வேண்டாமென்றேன். எனக்கு வேண்டியது முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. என் வலது புறங்கையில் விழுந்த அந்த அடியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆன் ஆகாத கருவி ஒன்று வந்தால், அதைத் தினமும் கையில் பிடிப்பவர் யாரோ அவரைப் பார்த்துக் கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆனாலும், அதுவரை என் கை மேசை மேல் சும்மா இருக்கிறது.