தங்கையின் பங்கு

என் தங்கையால் காலையில் சாப்பிட முடியாது. இன்றைக்கு இதைச் சொன்னால், சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் என்று யாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், உரும்பிராய்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், அதற்காக இரத்தம் சிந்தியது.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. தகப்பனை நாங்கள் அப்பு என்போம். விடிய முன்னமே எழுந்து புகையிலைத் தோட்டத்துக்குப் போய், துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துவிட்டு, முழங்கால்வரை செம்மண்ணோடு திரும்பி வருவார். அவர் வருகிற நேரமும் நாங்கள் பள்ளிக்கூடம் போகமுன் சாப்பிட உட்காருகிற நேரமும் ஒன்று. அம்மா பழஞ்சோற்றோடு முதல்நாள் குழம்பையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை உருட்டி எங்கள் கையில் வைப்பாள். நான் மூன்று உருண்டை, சில நாள் நான்கு தின்பேன். தங்கை முதல் உருண்டையில் ஒரு கடி கடித்து, அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விழுங்க மாட்டாள்.

"விழுங்கடி."

"சத்தி வருது அம்மா."

சத்தி என்றால் அவளுக்குச் சாட்டு அல்ல. உண்மையிலேயே குமட்டும். கண்ணில் தண்ணீர் முட்டும். அம்மாவுக்கு அது தெரியும். அப்புவுக்கு அது திமிராகத் தெரிந்தது. தன் முதுகு முறிய உழைத்துக் கொண்டுவந்த சோற்றை ஒரு பெட்டைக் குஞ்சு வேண்டாம் என்று சொல்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் அவர் வீட்டில் பசிக்கு இரண்டு பிள்ளைகள் செத்ததாக அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கை மட்டுமே பேசும்.

முதலில் குட்டு. பிறகு தொடையில் நுள்ளு. அதற்குப் பிறகு வேலியில் முறித்த பூவரசம் தடி கூரைத் தாவாரத்தில் செருகப்பட்டது.

ஒரு நாள் அவர் தடியை எடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் தங்கையின் தாடையை நெரித்து வாயைத் திறக்கவைத்து, மற்றக் கையால் உருண்டையை உள்ளே திணித்தார். பெருவிரலால் இடித்து இடித்துத் திணித்தார். அவள் கால்கள் மண்ணைப் பிறாண்டின. முகம் கறுத்தது. அவர் கையை எடுத்ததும் அவ்வளவும் அவருடைய பாதத்தில் வந்து விழுந்தது. புறங்கையால் அவர் விட்ட அறையில் அவள் அடுப்புக்கட்டில் போய் மோதினாள்.

"அள்ளித் தின்னடி அதை!"

அவள் அள்ளப் போனாள். அதுதான் எனக்கு இன்றுவரை மறக்காதது. அந்தப் பிள்ளை உண்மையிலேயே கையை நீட்டினாள். அம்மா குறுக்கே விழுந்து, தன் முதுகைக் கொடுத்து, அந்தச் சோற்றை முந்தானையால் வழித்தெடுத்தாள். முதுகில் நான்கு அடி விழுந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த நாளிலிருந்து, அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும்போது தங்கையின் கையிலிருந்த உருண்டையைப் பறித்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் வெறும் வாயை மென்று காட்டினாள். அப்பு கால் கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது அவள் கை வெறுமையாக இருக்கும். "ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அவர் சாப்பிட உட்காருவார். வீட்டில் அடி நின்றது.

தங்கையைக் காப்பாற்றினேன் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எனக்குப் பசி. அந்த இரண்டாவது பங்கின் ருசி எனக்குப் பிடித்திருந்தது. சில நாட்களில் அவள் "இண்டைக்கு நான் ஒரு வாய் திண்டு பாக்கிறன் அக்கா" என்று சொல்லியிருக்கிறாள். அப்போதும் பறித்தேன்.

இரண்டு மாதத்துக்குள் என் கன்னம் உப்பியது. அவளுடைய சட்டை தோளிலிருந்து வழுகத் தொடங்கியது. பள்ளிக்கூடம் ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல் தூரம். பாதி வழியில் அவள் வேலியோரம் குந்திவிடுவாள். பிந்திப் போனால் வாத்தியார் உள்ளங்கையில் பிரம்பால் போடுவார். சின்னவளின் அடியும் சேர்த்து மூத்தவளான எனக்குத்தான். ஆகவே நான் அவளை அடித்தேன். மயிரைப் பிடித்து இழுத்தேன். சிலேற்றுச் சட்டத்தால் முழங்காலுக்குப் பின்னால் அடித்து எழுப்பினேன். அப்பு சொல்வதையே சொன்னேன்: "திமிர் பிடிச்ச மூதேவி, எழும்படி!" அவள் அழுவதில்லை. எழுந்து நாலு எட்டு வைத்து மறுபடி குந்துவாள்.

அந்த நாளும் பிந்திப் போனோம். வாத்தியார் அன்றைக்குப் பிரம்பை எடுக்காமல் எங்கள் இரண்டு பேரையும் முற்றத்து மணலில் வெயிலைப் பார்த்து முழங்காலில் நிற்க வைத்தார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார்கள். ஆறாம் வாய்ப்பாடு முடிய முன், பக்கத்தில் தங்கை முன்னும் பின்னும் ஆடுவதைக் கண்டேன்.

"ஆடாதை. வாத்தியார் பாக்கிறார்" என்றேன்.

அவள் முகம் குப்புற விழுந்தாள். எங்களுக்கு முன்னால் படிக்கல் இருந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. புருவம் பிளந்து, வெள்ளையாக ஏதோ தெரிந்து, அதன் பிறகுதான் இரத்தம் வந்தது. மணல் அதை உறிஞ்சி உறிஞ்சிக் கறுத்தது. வாத்தியார் ஓடிவந்து தன் சால்வையைக் கிழித்துக் கட்டினார்.

"காலமை என்ன சாப்பிட்டது இந்தப் பிள்ளை?"

"சோறு" என்றேன். "மூண்டு உருண்டை."

தலைமை வாத்தியாரின் வீடு பள்ளிக்கூடத்தோடு ஒட்டியிருந்தது. அங்கேதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் விழித்ததும் அவள் எடுத்த சத்தியில் ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை, மஞ்சள் தண்ணீர் மட்டுமே. காயத்தைக் கழுவிக் கட்டிய பிறகு, தலைமை வாத்தியாரின் மனைவி சும்மா கேட்பது போல, "இடியப்பம் தரட்டோ பிள்ளை?" என்றார். அப்போது பத்து மணி இருக்கும். தங்கை ஆறு இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துத் தின்றாள். சட்டையெல்லாம் இரத்தம். தின்றுவிட்டுக் கோப்பையை நக்கினாள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். அவளுக்கு இவ்வளவு பசி உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

தலைமை வாத்தியார் அவளைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பின்னால் நடந்தேன். அப்பு முற்றத்தில் நின்றார்.

"உங்கடை பிள்ளை வெறு வயித்தோடை வந்திருக்கு. அதுதான் விழுந்தது" என்றார் தலைமை வாத்தியார்.

"வெறு வயிறோ? என்ரை கண்ணுக்கு முன்னாலை திண்டிட்டு வந்தவள்" என்றார் அப்பு.

"இல்லை. வயித்திலை ஒண்டுமே இல்லை. ஆனா பத்து மணிக்கு வடிவாச் சாப்பிட்டது. சில பிள்ளையளுக்கு விடிய இறங்காது. இடைவேளைக்குக் கட்டிக் குடுத்து விடுங்கோ."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புவும் பார்த்தார். என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது. தலைமை வாத்தியார் வேலிப் படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை அப்பு அசையவில்லை. பிறகு தாவாரத்துத் தடியை உருவினார்.

முதல் அடி காதில் விழுந்தது. ஒரு பக்கம் உலகம் அடைத்துக்கொண்டது. ஓடினேன். குசினி வாசலில் மயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டார். "தங்கச்சின்ரை சோத்தைத் திண்டனியோ? திண்டனியோ?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. தடி முறிந்தது. முறிந்த பாதியாலும் அடித்தார். அது போதாமல் காலால் விலாவில் உதைத்தார். ஓம் என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. கை கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தேன். தங்கை எங்கோ இருந்து, "அடிக்காதையுங்கோ அப்பு, நான்தான் குடுத்தனான்" என்று கத்தினாள். அது பொய்.

அப்போது அம்மா அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினாள். அவள் கத்தவில்லை. நேரே வந்து, ஓங்கிய அவர் கையின் மேல் எரிகிற நுனியை வைத்து அழுத்தினாள். மயிர் பொசுங்கிய மணம் வந்தது. அப்பு அலறிக்கொண்டு பின்னால் போனார். அவள் கட்டையைக் கீழே போடாமல் அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முற்றம்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

"இனிக் காலமை என்ரை குசினிக்குள்ளை வந்தால் முகத்திலை வைப்பன்" என்றாள். "ரெண்டு பிள்ளையும் உன்னாலைதான் இப்பிடி ஆனதுகள்."

அவரை அவள் நீ என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். அவர் அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கிணற்றடிக்குப் போய்க் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாளிலிருந்து அப்புவின் காலைச் சாப்பாடு தோட்டத்துக்குப் போனது. கொண்டுபோகிற வேலை எனக்கு. தங்கைக்கு விடிய அரைக் கிண்ணம் தேநீர் மட்டும் கொடுப்பாள் அம்மா. சோற்றையோ பிட்டையோ வாழையிலையில் கட்டித் தந்துவிடுவாள். இடைவேளை மணி அடித்ததும் தங்கை வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, இலையை மார்போடு அணைத்துக்கொண்டு தின்பாள். நான் கிட்டப் போனால் திரும்பி உட்காருவாள். அப்படித் திரும்புவதை நிறுத்த அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது.

தோட்டத்தில் அப்பு வரம்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது என்னைப் பார்ப்பதில்லை. கையில் கட்டிய துணியில் நீர் கசிந்திருக்கும். இரண்டு கிழமை கழிந்து ஒரு காலை, சோற்றைப் பார்த்தபடியே கேட்டார்:

"சாப்பிடுறாளோ?"

"ஓம் அப்பு. பத்து மணிக்கு."

"முழுக்கவோ?"

"முழுக்க."

கோப்பையைக் கழுவித் தந்துவிட்டுத் துலாவுக்குப் போனார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த மாதம் நான் தோட்டத்துப் படலையைச் சாத்தாமல் விட்டதால் ஆடு புகையிலைக் கன்றுகளைக் கடித்துவிட்டது. தோட்டத்து நடுவில் வைத்து, காயம் ஆறாத அந்தக் கையாலேயே என்னை அடித்தார். அம்மா வீட்டில் இருந்தாள். சத்தம் கேட்கிற தூரம்தான், கேட்டிருக்கும். அன்றைக்கு அவள் வரவில்லை.