அறுத்த ஒயரில் வந்தவன்

இது நடந்தது. கதை கட்டுகிறார்கள் என்று சொல்பவர்கள் திருப்புலிவனம் போகும் வழியில், ஏரிக்கரைக் குடிசைகளில் இறங்கித் தேவராஜைக் கேட்கட்டும். கேட்கும்போது சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடிப்பான். ஒருவனை அடித்தும் இருக்கிறான்.

தேவராஜ் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன். 2006-ல் உத்திரமேரூரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றியது அவன்தான். கூலிக்குப் பதிலாக, ஓடாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதை ஓட வைத்தது, அங்கே வேலை பார்த்த பிரேம்நாத்.

பிரேம்நாத் ஊர்த் தெருவில் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளை. தேவராஜைவிட ஆறு வயது சின்னவன்.

"விண்டோஸ் போட்டா இது மூச்சு வாங்கும் ண்ணா. லினக்ஸ் போட்டுத் தரேன். காசும் வாணாம், வைரசும் வராது."

"ஓடுமா?"

"ஒன்ன மாதிரி ஓடும். மூட்டைய ஏத்திக்கினே ஓடும்."

ஓடியது. பிரேம்நாத் தன் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை ராப்பகலாக ஓடவிட்டு, பாட்டு, திருவிழாப் படங்கள், விளையாட்டு எல்லாவற்றையும் அதில் வைத்தான். அங்கிருந்து தேவராஜ் வீட்டுக்குக் கால்வாய்க்கு மேலே ஓர் ஒயர் இழுத்தான். எது வந்தாலும் அந்த ஒயர் வழியாகத்தான் வர வேண்டும்.

சாயங்காலமானால் இரண்டு பேருக்கும் துப்பாக்கிச் சண்டை. அந்த விளையாட்டில் இடத்தை நாமே வரைந்துகொள்ளலாம். பிரேம்நாத் சொந்த ஊரையே வரைந்துவிட்டான். கால்வாய், மில், பம்புசெட்டுக் கொட்டகை... எல்லாம் இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் பாழுங்கிணறு மட்டும் இல்லை.

"ஆழம் சரியா வர மாட்டேங்குது ண்ணா" என்றான்.

ஒரு திங்கட்கிழமை, மில்லிலிருந்து தேவராஜ் திரும்பியபோது ஒயர் வாசலில் விழுந்து கிடந்தது. அவன் மனைவி தேவி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"பிரேமு அண்ணன் பன்னீர்செல்வம்தான்யா அறுத்தான். 'அந்த ஏரிக்கரையான் ஒனக்கு அண்ணன்னா, நான் யாருடா?'ன்னு தம்பியப் பார்த்துக் கத்திக்கினே அறுத்தான்."

மறுநாள் தேவராஜ் அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். பன்னீர்செல்வம் வெளியே வந்தான்.

"பிரேமு கீறானா?"

"மெட்ராஸ் பூட்டான்."

"எப்ப வருவான்?"

"ஒனக்கு இன்னாத்துக்கு அது? எட்டி நில்லு."

எட்டித்தான் நின்றான். அந்த வீட்டு நெல்லை எத்தனை வருஷம் முதுகில் சுமந்திருக்கிறான்! மூட்டை மட்டும் உள்ளே போகலாம். ஆள் போகக் கூடாது. உடம்பெல்லாம் எரிந்தது. பன்னீர்செல்வத்தைவிடப் பிரேம்நாத் மேல்தான் ஆத்திரம் அதிகம். அண்ணன் கத்தினால் சின்னவன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிடுவதா?

வியாழக்கிழமை. போன கரண்டு சாயங்காலம் 6.40-க்கு வந்தது. கை பழக்கத்தில் கம்ப்யூட்டரைப் போட்டான். விளையாட்டை அழுத்தினான். திறக்காது என்று தெரிந்தேதான் அழுத்தினான்.

திறந்தது.

மூலையில் இரண்டு பெயர்கள். தேவா. பிரேம்.

'ஒயரை ஒட்டிட்டு வூட்டுக்குள்ளயே ஒளிஞ்சிக்கினு கீறான்' என்று நினைத்தான். மெட்ராசாம், மெட்ராஸ்! ரத்தம் தலைக்கு ஏறியது.

கால்வாய் ஓரத்தில், முதுகைக் காட்டியபடி பிரேம்நாத்தின் ஆள் நின்றுகொண்டிருந்தான். தேவராஜ் சுட்டான். அந்த ஆள் விழுந்தான். அதே இடத்தில் எழுந்தான். மறுபடியும் சுட்டான். விழுந்தான். எழுந்தான். திருப்பிச் சுடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடக்க ஆரம்பித்தான்.

டக்... டக்... டக்...

தேவராஜ் பின்னாலேயே போனான். கொட்டகை வந்தது. அதைத் தாண்டி...

கிணறு.

சரிந்த கல், உடைந்த படி, உள்ளே தொங்கும் அரசஞ்செடி, எல்லாம் அச்சாக அப்படியே. எட்டிப் பார்த்தால் ஆழம் தெரிந்தது.

"நாலு நாளா நான் வெந்துக்கினு கீறேன். நீ ஜாலியா குந்திக்கினு கெணறு வெட்டினியாடா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

அந்த ஆள் கிணற்றில் குதித்தான்.

தொப்...

அந்த விளையாட்டில் தண்ணீர்ச் சத்தமே கிடையாது.

கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது.

"கனக்குது ண்ணா."

"இன்னாடா கனக்குது? நக்கலா?"

மறுபடியும் அதே வரி.

"கனக்குது ண்ணா."

சத்தம் கேட்டுத் தேவி உள்ளே வந்தாள். கையில் ஈரத்துணி.

"யாராண்ட கத்துற?"

"பிரேமுதான். ஒயர ஒட்டிட்டு ஆட்டம் காட்றான்."

"எந்த ஒயரு? அத நான் அன்னிக்கே புடுங்கி துணி காயப்போட கொடி கட்டிட்டனே!"

தேவராஜ் வாசலைப் பார்த்தான். அந்த நீல ஒயரில் அவன் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டான்.

ஒயர் செருகும் ஓட்டை காலி.

திரையில்...

"கனக்குது ண்ணா."

"கனக்குது ண்ணா."

"கனக்குது..."

எழுந்து ஓடினான். மோட்டார் எரிந்து போனதிலிருந்து யாரும் போகாத கிணறு அது. உடைந்த படியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அவன் போட்ட கூச்சலில் ஊர் கூடியது. பெட்ரோமாக்ஸ் வந்தது. கயிறு வந்தது. பிரேம்நாத்தின் அம்மா கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். பன்னீர்செல்வமும் வந்தான். இறங்க மட்டும் ஒருவனும் வரவில்லை. எல்லாரும் தேவராஜைப் பார்த்தார்கள்.

"எறங்குடா" என்றான் பன்னீர்செல்வம்.

"என் வூட்டுக்கு ஒரு ஒயரு வரக் கூடாது. பொணம் எடுக்க மட்டும் நான் வரணுமா?"

கஸ்தூரி அவன் காலில் விழப் போனாள். விழவிடாமல் பிடித்துவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

முங்கினான். ஒரு கை தட்டுப்பட்டது. இழுத்தான். அசையவில்லை. நூறு கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்குகிற தேவராஜால் அந்த ஒல்லிப் பையனை அசைக்க முடியவில்லை.

கனத்தது.

மூன்றாம் தரம் முங்கிக் கயிற்றைக் கட்டி, மேலே இருந்தவர்களும் சேர்ந்து இழுத்த பிறகுதான் வந்தான். வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்தார்கள். ஓர் இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தான். செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பன்னீர்செல்வம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத நான்தான் கெணத்துல தூக்கிப் போட்டேன். திங்கக்கெழம, ஒயர அறுத்த கையோட. எடுக்கப் போறேன்னு குதிகுதின்னு குதிச்சான். ராத்திரி ஆளக் காணோம். கோச்சிக்கினு மெட்ராஸ்தான் பூட்டான்னு நெனச்சேன்."

அது பிரேம்நாத் வீட்டில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி. அந்த விளையாட்டு அதில்தான் இருந்தது. வேறு எந்தப் பெட்டியிலும் இல்லை.

வியாழக்கிழமை 6.40-க்கு அது தண்ணீருக்கு அடியில் இருந்தது.