படத்துக்கு விட்ட இடம்

அந்த வெள்ளைத் தூளை முதன்முதலில் கண்டபோது, பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்றுதான் நினைத்தேன்.

லண்டனின் நடுப்பகுதியில், பணம் புழங்கும் கம்பனிகள் நிறைந்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எனக்குத் துப்புரவு வேலை. விடிவதற்கு முன் போய், கோட்டுப் போட்டவர்கள் வருவதற்குள் முடித்துவிட்டு, அங்கே இருந்த தடமே தெரியாமல் வெளியேறிவிட வேண்டும். சேர்ந்த முதல் கிழமையிலேயே, ஆண்கள் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் மெல்லிய கோடாக மாவு படிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் அந்தத் தளத்தைச் செய்தவள் பவுடரைப் போட்டுவிட்டுக் கழுவாமல் போயிருக்கிறாள், பழி என் தலையில் விழப்போகிறது. துணியும் கையுமாகப் போய் அவளைக் கூட்டிக்கொண்டுவந்து மூடியைக் காட்டினேன். வேலை தெரியாவிட்டால் கேட்டுப் பழக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏசவும் ஏசினேன்.

அவள் கொலம்பியாக்காரி. என்னைவிட இளையவள், கட்டையான உருவம், வாயில் எப்போதும் சுவிங்கம். மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது கொக்கெயின், அலுவலகத்துப் பெடியன்கள் மூக்கால் இழுப்பது, என்று ஒரு விரலை மூக்கில் வைத்துக் காட்டினாள். அது தன்னுடைய நாட்டிலிருந்துதான் வருகிறது என்றும் சொன்னாள். ஊரிலிருந்து வரும் மாம்பழத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்களை மேற்பார்வை செய்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். அவரிடம் போய்ப் பொலிசுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அக்கா, நாங்கள் ஒண்டும் காணேல்லை. துடைச்சுப்போட்டுப் போங்கோ.”

அதற்குப் பிறகு அந்த மூடிகளை அவள் என்னைத் தொடவிடவில்லை. என் தளமாக இருந்தாலும் முதலில் அவள் வந்து மூடிகளை மட்டும் துடைத்துவிட்டுப் போவாள். எல்லோரும் கழிப்பறையை வாஷ்பேசினில் தொடங்குவோம். அவள் மூடியில் தொடங்குவாள். ஈரத் துணியால் ஒரே இழுப்பு, பிறகு துணியை நெடுநேரம் கழுவுவாள். வெள்ளிக்கிழமைகளில் வேலை கூட, ஏனென்றால் வியாழன் இரவுதான் பெடியன்கள் கொண்டாடுவார்கள். எனக்காகத்தான் பாரம் சுமக்கிறாள் என்று நினைத்து, கைமாறாக அவளுக்கு றோல்ஸ் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா என்று கூப்பிடவும் பழக்கினேன். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான், அதையும் ஏதோ நடனத்துக்குத் தாளம் போடுவதுபோலச் சொல்வாள்.

நான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே தனியாக இருந்தேன். அவள் நோர்பரியில் ஒரு அறையில். ஒரே ரயிலில்தான் திரும்புவோம். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி, ஆனால் நொண்டிக்கு நொண்டி நன்றாக நடந்தது. அவள் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் ரயிலில், மூடிகளை ஏன் என்னைத் துடைக்க விடுகிறாள் இல்லை என்று கேட்டேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். காட்டுக்குள் போகும் ஒரு ஆற்றில் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஓட்டினான். அந்தப் பக்கம் கோக்கா இலைதான் பயிர். இலையிலிருந்து சத்தை எடுக்கப் பெற்றோல் வேண்டும், சீமெந்து வேண்டும். பெற்றோல் பீப்பாய்களை ஆற்றால் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது அவன் வேலை. காட்டில் துவக்கோடு இருந்தவர்கள் இலைக்கும் வரி வாங்கினார்கள், வள்ளத்துக்கும் வரி வாங்கினார்கள். பிறகு வேறு உடுப்புப் போட்ட, வேறு துவக்குக்காரர் வந்தார்கள். முதல் வந்தவர்களுக்குப் பெற்றோல் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். வள்ளத்துறையில் வைத்து அவனைக் கொண்டுபோனார்கள். வள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

“அவன் ஏத்தின பெற்றோல்தான் இந்த மூடியில காய்ஞ்சுபோய்க் கிடக்குது, அக்கா. வேற ஆக்கள் துடைச்சால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஆறும் தெரியாது, அந்தக் காடும் தெரியாது. ஆனால் மிச்சமெல்லாம் தெரிந்தது. என் மனுசனிடம் ஒரு லாண்ட்மாஸ்டர் இருந்தது, இரண்டு சில்லு உழவு இயந்திரம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது அதில்தான் எங்கள் வீடு முழுவதும் ஏறியது. இயக்கம் கேட்டபோது அரிசி மூட்டை ஏற்றினார், காயப்பட்டவர்களை ஏற்றினார். கேட்டவர்களிடம் துவக்கு இருந்தது, இவரிடம் வாகனம் இருந்தது, அவ்வளவுதான் கதை. சண்டையின் கடைசியில் ஆமிப் பக்கம் வந்து சேர்ந்தபோது, ஒரே ஒரு நாள் உதவியிருந்தாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒளித்து வைக்க அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்தார். பஸ்ஸில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

“பதிஞ்சுபோட்டு வாறன். நீ இந்த இடத்தை விட்டு அசையாதை.”

நான் அசைந்துவிட்டேன். முகாமுக்கு அசைந்தேன், கொழும்புக்கு அசைந்தேன், லண்டன் வரை அசைந்து வந்துவிட்டேன். அவர் திரும்பி அந்த வெட்டைவெளிக்கு வந்தால் என்னைக் காணமாட்டார் என்ற பயம் இன்னும் எனக்கு இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் பாவம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போவார்கள். கலியாண வீடுகளில் என்னை எங்கே இருத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. சுமங்கலிகளோடும் சேர்க்க முடியாது, மற்றப் பக்கமும் சேர்க்க முடியாது. அதனால் நானே போவதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு மட்டும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள் என்றேன், தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றாள். தொலைந்ததை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் வேலை முடிந்து நேரே எங்கள் பங்குக் கோயிலுக்குப் போவோம். அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்துவோம். அவள் கேட்பது சின்ன மன்றாட்டு: தம்பியைக் கண்டுபிடித்துத் தா. நான் ஒரு சொல் கூடுதலாகக் கேட்பேன்: உயிரோடு கண்டுபிடித்துத் தா. அந்தச் சொல்லை ஒருநாளும் விட்டதில்லை. புனிதர்களிடம் கேட்கும்போது விபரமாகக் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை.

ஒருமுறை அவள் அறைக்குப் போனேன். யன்னல் விளிம்பில் ஒரு கோப்பிக் கோப்பை, அதற்குள் அந்தோனியார் தலைகீழாகக் குத்தி நின்றார். இரண்டு கால்களும் அங்கியின் ஓரமும் மட்டும் வெளியே தெரிந்தன. புனிதரை இப்படியா செய்வார்கள் என்று கேட்டேன். தங்கள் ஊரில் இப்படித்தான், காரியம் முடியும்வரை நிமிர்த்த மாட்டார்கள், சும்மா நேராக வைத்திருந்தால் அவருக்கு மறந்துபோகும் என்றாள். அது மன்றாட்டு இல்லை, வெருட்டு என்று ஏசிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என்னுடைய அந்தோனியாரைத் தூசி தட்டி, அவளுக்காக மன்னிப்பும் கேட்டேன்.

கோப்பைக்குள் நின்றவருக்கு மூச்சு முட்டியதோ என்னவோ, அடுத்த கோடையில் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவளுடைய நாட்டில் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள், எப்போதோ லண்டனில் வைத்து, மரபணுச் சோதனைக்கு என்று அவளிடம் எச்சில் எடுத்துப் போயிருந்தார்களாம். ஆற்றங்கரையில் தோண்டிய எலும்புகளில் ஒரு ஆளுடையது அவளுடைய எச்சிலோடு பொருந்திவிட்டது. துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையில், கையில் போனோடு நின்று இதைச் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பொறாமை. சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டாள்.

“அக்கா, நீங்கள் ஆரிட்ட எச்சில் குடுத்தனீங்கள்?”

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள், திரும்பவும் அதையே சொன்னேன்.

தம்பியைப் பொறுப்பெடுக்க அவள் ஊருக்குப் போனபிறகு ரயிலில் தனியாக வந்தேன். மூடிகளை நானே துடைத்தேன், அவளைப்போல ஒரே இழுப்பில். செவ்வாய்க்கிழமைகளில் தனியாகத் திரி கொளுத்தினேன். அவள் திரும்பி வரவேண்டும் என்றும் அந்தோனியாரிடம் கேட்டுப் பார்த்தேன், ஆனால் அவள் தொலைந்தவள் இல்லையே, அது அவருடைய இலாகா இல்லை.

கார்த்திகை மாதம் தொடங்கத் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள், சுவிங்கம் இல்லை. வேலையை விட்டுவிட்டதாகவும் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேரப்போவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். தம்பியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்களாம், அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஊருக்குப் போனாளாம்.

“நல்ல உயரமான பெடியன், அக்கா. பெட்டியில பாரமே இல்லை. இனி அந்தத் தூளை என்னால தொட ஏலாது.”

கார்த்திகை, அதாவது நவம்பர், மரித்த ஆத்துமாக்களின் மாதம். எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். அவரவர் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படத்தைக் கொண்டுவந்து வைத்துத் திரி கொளுத்துவார்கள். அந்த மேசைக்குக் கிட்ட நான் போனதே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் பழக்கத்தில் அந்தோனியாரிடம் திரும்பினேன். அவள் நேரே மேசைக்குப் போனாள். தம்பியின் படத்தை எடுத்து வைத்தாள், பக்கத்தில் இருந்த படங்களைக் கவனமாக ஒதுக்கினாள், பிறகு என்னிடம் வந்தாள்.

“அக்கா, பக்கத்தில இடம் விட்டிருக்கிறன்.”

பார்த்தேன். அவனுடைய படத்துக்கு அருகில் ஒரு படம் அளவுக்கு வெள்ளைத் துணி வெறுமையாகத் தெரிந்தது. அவள் நல்ல மனதோடுதான் செய்தாள், இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு உச்சியில் ஏறியது. என் மனுசனைச் சாகடிக்க நீ யார் என்று கேட்டேன். கோயிலுக்குள் நின்று, அந்தோனியாருக்கு முன்னால், சத்தமாகத் தமிழில் கேட்டேன். அவளுக்குச் சொல் விளங்கியிராது, ஆனால் விளங்கிவிட்டது. தன்னுடைய மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கிழமை முழுக்க அந்த வெறும் துணிதான் கண்ணுக்குள் நின்றது. குசினியில் நின்றாலும் அது, பஸ்ஸில் இருந்தாலும் அது. என் அலுமாரிக்குள் அவருடைய படம் ஒன்று இருக்கிறது, லாண்ட்மாஸ்டரில் சாய்ந்துகொண்டு நிற்பார். அதை எடுத்துப் பார்க்கவும் பயந்தேன். எடுத்தால் என் கை அதைக் கைப்பைக்குள் வைத்துவிடும்.

அடுத்த செவ்வாய் போனபோது அந்த இடத்தில் வேறு ஒரு படம் இருந்தது. தொப்பி போட்ட ஒரு கிழவர், யாரோ ஐரிஷ்காரர், நன்றாக வாழ்ந்து முடித்த முகம். அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. என் மனுசன் மயிரிழையில் தப்பிவிட்டார் என்று இருந்தது. இந்த விசர்த்தனத்தை உடனே யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரி பாதி எரிந்து முடிந்தது. பிறகுதான் உறைத்தது, அவள் வரமாட்டாள். கோபத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமையில் அவளுக்கு இனி இங்கே ஒரு அலுவலும் இல்லை. அவளுடையது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னுடைய அந்தோனியார் வழக்கம்போல டிவிக்கு மேலே தட்டில் நேராக நின்றார், அவ்வளவு காலமும் அவரைத் துடைத்துப் பூ வைத்த எனக்கு ஒன்றும் செய்யாமல். அவரை எடுத்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் தலைகீழாக வைத்தேன். நிற்கவில்லை, சரிந்தார். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி இறுக்கினேன்.

“கண்டுபிடிச்சுத் தந்தால்தான் நிமித்துவன்,” என்றேன். அது போதாது என்று பட்டது. “எப்பிடியெண்டாலும் பரவாயில்லை. தாரும்.”

சொல்லி முடித்தபிறகுதான் கவனித்தேன், உயிரோடு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. திரும்பச் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. கோட்டோடு அப்படியே கட்டிலில் இருந்தேன், கோப்பைக்கு வெளியே அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தபடி.