கவிதா உறுமியிடம் பேசுவாள்

எங்கள் ஜாஸ் குழுவில் டிரம் செட் கிடையாது. டிரம்பெட், பேஸ் கித்தார், கவிதாவின் உறுமி, அவ்வளவுதான். மலேசியாவின் கிள்ளான் நகரக் கோயில் திருவிழாக்களில் வாசித்து வளர்ந்தவள் அவள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்குமுன், "அழுடா, நல்லா அழு" என்று உறுமியிடம் முணுமுணுப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவில் ஆல்பத்தை மிக்ஸ் செய்த நான், பதிவில் விழுந்திருந்த அந்த முணுமுணுப்பை இரைச்சல் என்று அழித்துவிட்டேன்.

ஆல்பம் வந்ததும் அவள் வீட்டில் எல்லாரும் கேட்டோம். "உறுமி சூப்பர் லா. ஆனா இவ வாய் சும்மா இருக்காதே, எங்க காணோம்?" என்றார் அவள் அம்மா.

"நான்தான் எடுத்துட்டேன் ஆன்டி. கிளீனா இருக்கட்டும்னு..."

கவிதா சிரித்தாள். "பரவால்ல லா அண்ணே. இனிமே வாய மூடிக்கிட்டு வாசிக்கிறேன்."

கேலி என்று நினைத்தேன். அடுத்த கச்சேரியில் உதட்டை இறுக்கிக்கொண்டே வாசித்தாள். தாளம் பிசகவில்லை, உறுமிதான் அழவில்லை.

இப்போது ஒவ்வொரு ஒத்திகையிலும் "பேசு கவிதா" என்று கெஞ்சுகிறேன். சரி என்று தலையாட்டுகிறாள். வாய் திறப்பதில்லை.