அப்பா மூச்சைப் பிடித்த படம்

அப்பாவுக்குக் காது மந்தம். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இரைச்சலுக்குள்ளேயே வேலை பார்த்ததில் மிஞ்சியது அதுதான். காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன், தொடவே மாட்டார். "நீ ஏசுறது இந்தக் காதுலயே நல்லா கேக்குது லா" என்பார்.

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்ததும் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். படத்தில் கல்லீரலில் கலங்கலாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார்.

"இது கட்டி பரவுனதா, இல்ல படம் ஆடிப் போச்சான்னு சொல்ல முடியல. அங்கிள் மூச்சு விட்டுக்கிட்டே இருந்திருக்காரு. இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாம்."

மூச்சை இழு, பிடி, விடு என்று அந்த இயந்திரம் மலாயில் சொல்லுமாம். அப்பாவுக்கு அது எங்கே கேட்கப் போகிறது? காது கேட்காது என்று தாதியிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அடங்கியதும் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. அது வெறும் மூச்சாக இருந்துவிட்டால்? பரவவில்லை என்றால் குடலில் இருப்பதை வெட்டி எடுத்துவிடலாம். பரவியிருந்தால் அவர் உடம்புக்கு அறுவை சிகிச்சை கிடையாது, வலிக்கு மருந்துதான் என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் சோபாவில் படுக்க வைத்துப் பழக்கினேன். கையைத் தூக்கினால் இழுக்க வேண்டும், மூடினால் பிடிக்க வேண்டும், விரித்தால் விட வேண்டும். அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டினார்.

"விளையாடாதீங்கப்பா" என்று கத்தினேன்.

"கத்தாத. கேக்குது."

பிறகு பார்த்தால், டிவி முன்னால் உட்கார்ந்து தானே கையை மூடி, விரித்து, தனியாகப் பழகிக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது தடவை எனக்கு ஈயக் கவசம் மாட்டி, அவர் கால்மாட்டில் நிற்க விட்டார்கள். கட்டில் உள்ளே நகர்ந்தது. இயந்திரம் சொன்னபடி கையைத் தூக்கினேன், மூடினேன். அப்பாவின் வயிறு துளிகூட அசையவில்லை. கண் என் கையைவிட்டு நகரவில்லை. விரித்ததும்தான் விட்டார்.

டாக்டர் படத்தைத் திறந்தார். "இந்தத் தடவ ரொம்பத் தெளிவா இருக்கு" என்றவர் திரையை என் பக்கம் திருப்பினார். அந்த இடம் அப்படியே இருந்தது, ஓரம் கூடத் துல்லியமாக. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு. போன தடவை கலங்கலில் தெரியாதவை. கொஞ்சம் மூச்சு விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று நினைத்தேன். பரவிவிட்டது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னது அப்பா காதில் விழவில்லை.

"படம் ஆடல தானே?" என்றார் அப்பா, எப்போதும் போல உரக்க.

"ஆடலப்பா. நல்லா புடிச்சிருக்கீங்க."

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எம் பொண்ணுதான் சொல்லிக் குடுத்தா."